பழுதா, பூட்டா?

ரஞ்சன்காவ் மகாகணபதிக்கு இரண்டு உருவங்கள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. சன்னதியில் தரிசனம் தருவது ஒன்று. அதற்கு அடியில், நிலவறையில், 10 துதிக்கைகளும் 20 கைகளும் கொண்ட இன்னொரு மூர்த்தி மறைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை என்கிறது கோயில் நிர்வாகம். மறுப்பால் நம்பிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

புனேயிலிருந்து அகில்யாநகர் (பழைய அகமத்நகர்) செல்லும் சாலையில் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பெரிய தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. எல்.ஜி. நிறுவனத்தின் ஆலை அதில்தான். எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்திக்கென்றே சுமார் 297 ஏக்கரில் ஒரு வளாகம் அமைக்கும் திட்டத்தை 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. அபாயகரமான தொழிற்சாலைக் கழிவுகளை வாங்கி எரிக்கவும் புதைக்கவும் ஒரு பொது நிலையமும் இதே பேட்டையில் இயங்குகிறது. பிறப்பும் இறுதிச் சடங்கும் ஒரே ஊரில். இடைப்பட்ட காலத்தில் ஒரு பொருள் எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதுதான் விஷயம்.

இந்தக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு ஆயுள் குறைவு. ஆனால் அதன் மூளையான பிராசஸருக்குள்ளும் சில சமயம் ஒரு நிலவறை இருந்திருக்கிறது.

2009 ஜூனில் ஏ.எம்.டி. நிறுவனம் 'ஃபெனம் 2 எக்ஸ்2 550' என்ற பிராசஸரை வெளியிட்டது. கோர் எனப்படும் கணக்குப் பிரிவுகள் இரண்டு. வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் விலை 102 டாலர். அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த 'எக்ஸ்4 955'க்கு நான்கு கோர்கள், 3.2 கிகாஹெர்ட்ஸ், 245 டாலர். விலையில் பாதிக்கு மேல் வித்தியாசம். ஆனால் மூடியைக் கழற்றினால் இரண்டுக்குள்ளும் இருந்தது ஒரே சிலிக்கன் துண்டு. மலிவான சிப்பிலும் நான்கு கோர்கள் இருந்தன. இரண்டைத் தூங்க வைத்து விற்றார்கள்.

இதில் மோசடி என்று உடனே பாய வேண்டியதில்லை. சிப் தயாரிப்பு, மாவு ஒன்றானாலும் எல்லா முறுக்கும் ஒரே மாதிரி வேகாத கதைதான். ஒரு சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டி எடுக்கும் நூற்றுக்கணக்கான துண்டுகளில் சில முழுசாகத் தேறும். சிலவற்றில் ஒரு கோர் பழுதாக இருக்கும். அதைத் தூக்கி எறியாமல், பழுதான பகுதியை மூடிவிட்டு, குறைந்த விலைக்கு விற்பது சிக்கனம். வாங்குபவருக்கும் லாபம், குப்பையும் மிச்சம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. உற்பத்தி சீரடையச் சீரடைய, பழுதான துண்டுகள் குறைகின்றன. சந்தையிலோ மலிவான சிப்புக்குத்தான் கிராக்கி அதிகம். ஆகவே நன்றாக இருக்கும் துண்டிலும் இரண்டு கோர்களை மூடி விற்க வேண்டியதாகிறது. ஒரே பெயரில், ஒரே விலையில், ஒரே பெட்டியில் பழுதானதும் வரும், பூட்டப்பட்டதும் வரும். எது எது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது.

பூட்டு வலுவானதாகவும் இல்லை. மதர்போர்டில் இருந்த துணை சிப் ஒன்றில், வேகத்தைச் சீராக்குவதற்காக ஏ.எம்.டி.யே கொடுத்திருந்த ஒரு வசதியை இயக்கினால், தூங்கிய கோர்கள் விழித்துக்கொண்டன. செய்தி பரவியதும் மதர்போர்டு நிறுவனங்களுக்குக் கொண்டாட்டம். ஆசூஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., ஆஸ்ராக் என்று ஆளுக்கொரு பெயரில் பயாஸிலேயே 'திறக்கும்' வசதியை வைத்து, அதையே விளம்பரமும் செய்தன. வெற்றி பெற்றவர்களின் திரையில் '550' என்ற பெயர் மறைந்து 'எக்ஸ்4 பி50' என்று காட்டியது. இரண்டு, நான்காகிவிட்டது.

இந்த ஆசைக்கு வயது அதிகம். 1991ல் இன்டெல் விற்ற 486 எஸ்.எக்ஸ். சிப்பில் கணிதத் துணைப்பகுதி முடக்கப்பட்டிருந்தது. அது வேண்டுமென்றால் 487 என்ற சிப்பைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அந்த 487 என்பது ஏறக்குறைய முழுமையான இன்னொரு 486. அதைச் செருகியதும் பழையது சும்மா உட்கார்ந்துகொள்ளும். 1998ல் வந்த செலரான் 300ஏ, மதர்போர்டின் பஸ் வேகத்தை 66லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2000 வாக்கில் ஏ.எம்.டி.யின் அத்லான் சிப்பின் முதுகில் இருந்த அறுந்த இணைப்புகளை, பென்சிலால் ஒரு கோடு கிழித்தே சேர்த்தார்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்ற பள்ளிக்கூடப் பாடம் போதுமானதாக இருந்தது.

பூட்டுக்கு நியாயமான காரணமும் உண்டு. 90களில் குறைந்த வேகச் சிப்பின் மேல் எழுத்தை அழித்து, அதிக வேகம் என்று அச்சடித்து ஏமாற்றிய வியாபாரிகள் இருந்தார்கள். வேகப் பெருக்கத்தை நிறுவனங்கள் பூட்டியதற்கு இந்தத் தில்லுமுல்லும் ஒரு காரணம். ஆனால் 2010ல் இன்டெல் செய்த பரிசோதனைக்கு அந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. பென்டியம் ஜி6951 என்ற பிராசஸரை விற்றுவிட்டு, அதற்குள் ஏற்கனவே இருந்த திறனைத் திறக்க 50 டாலருக்கு ஒரு அட்டையை விற்றது. வீட்டை விற்ற பிறகு மாடி அறைச் சாவிக்குத் தனிக் காசு கேட்டது போல. எதிர்ப்பு கிளம்பியது, 2011ல் திட்டம் கைவிடப்பட்டது.

சரி, பழைய ஃபெனம் கம்ப்யூட்டர் இன்று கைக்குக் கிடைத்தால் திறக்கலாமா? திறக்கலாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. முதல் ஆபத்து, மூடப்பட்ட கோர் உண்மையிலேயே பழுதாக இருப்பது. அது உடனே படுத்துவிட்டால் நல்லது. பயாஸில் பழையபடி மூடிவிடலாம். மோசமானது, பத்து நாள் ஒழுங்காக ஓடிவிட்டுப் பதினோராவது நாள் ஒரு கணக்கைத் தப்பாகப் போடும் கோர். கடைக் கணக்கோ, கல்யாண போட்டோவோ அதில் கெட்டுப்போனால் காரணம் தெரியவே தெரியாது. பிராசஸரை முழு மூச்சில் ஓட்டும் சோதனை புரோகிராமை ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பார்க்காமல் முக்கியமான எதையும் அதில் வைக்கக் கூடாது.

இரண்டாவது ஆபத்து வெப்பம். 550க்கு ஏ.எம்.டி. வகுத்த அளவு 80 வாட். நான்கு கோர்கள் உள்ள 955க்கு 125 வாட். மலிவான மதர்போர்டு இந்தச் சுமையைத் தாங்க வேண்டும். கூடவே வேகத்தையும் ஏற்றினால் கணக்கு இன்னும் ஏறும். மின் செலவு வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். வோல்டேஜுக்கோ அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 3.1ஐ 3.5 ஆக்கி, அதற்காக வோல்டேஜை 1.35லிருந்து 1.45 ஆக்கினால், வேகம் கிடைப்பது 13 சதவீதம். வெப்பம் கூடுவது 30 சதவீதம். போதாததற்கு, கோர்களைத் திறந்ததும் இந்தச் சிப்பில் கோர்களின் வெப்பமானி சரியாக வேலை செய்யாது. அடுப்பைக் கூட்டிவிட்டு, கொதி பார்க்கும் கண்ணையும் கட்டிக்கொள்வது போல. ஏப்ரல், மே மாதத் தக்காணத்து வெயிலில் இந்த விளையாட்டு வேண்டாம். இரண்டில் ஒன்று போதும் என்றால் கோர்களைத் திறப்பதே மேல். வேகத்தைத் தொடாமல் விடலாம்.

இவ்வளவு செய்தும் விண்டோஸ் 11 இதை ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொண்டால் டைப் அடிக்கவும், கணக்கு எழுதவும், பிள்ளைகள் புரோகிராம் பழகவும் நான்கு கோர் தாராளம். புனே தப்கீர் கல்லியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய மதர்போர்டைத் தேடி அலைபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.

மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022ல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. உதிரி பாகமும் கையேடும் கிடைக்க வேண்டும் என்பது அங்கே பேசப்படும் விஷயம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது, அதில் எது பழுது, எது விலைக்காகப் பூட்டியது என்பதைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டா என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. பழுது என்றால் வாங்கியவர் தொடாமல் இருப்பார். பூட்டு என்றால் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகாவது சாவியைக் கேட்பார். இரண்டையும் சொல்லாததால்தான் மக்கள் பயாஸுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலவறையில் சாமி இருக்கிறாரா என்பதை நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். சிப்பில் எத்தனை கோர் நன்றாக இருக்கிறது என்பதைப் பெட்டியின் மேல் அச்சடிக்கலாம்.