'வேணும்' என்ற சொல்

1544இல் தூய பிரான்சிஸ் சவேரியார் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது. விசுவாச மந்திரத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம், 'விசுவாசம்' என்று மாற்றுங்கள் என்கிறார். முத்துக்குளித்துறையில் அவருடைய மணியோசைக்குக் கூடிய பரதவப் பிள்ளைகள் அதுவரை கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாக 'வேணும்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லுமிடத்தில், கட்டாயத்தால் என்று பொருள்படும் சொல் கூடாது. அவர் மனமுவந்து பாடுபட்டார்.

கிறிஸ்தவ இறையியலுக்கு எளிய அறிமுகம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு திருத்தங்களையே முதலில் காட்டுவேன். மீன்பாடு வேணும், பிள்ளை வேணும் என்று கேட்பதும் செபம்தான். விசுவாசம் வேறு. கல்லை மிதித்துக் கடலடிக்கு இறங்குகிறவர், தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவரிடம் தன் மூச்சையே ஒப்படைக்கிறார். அதுதான் விசுவாசம். இரண்டாவது திருத்தம் இன்னும் ஆழமானது. கடவுளே மனிதராக வந்தார், சிலுவையில் இறந்தார், உயிர்த்தார் என்பது இந்தச் சமயத்தின் மையம். அந்தச் சாவு கட்டாயத்தால் நேர்ந்ததென்றால் அது வெறும் கொலை. மனமுவந்து ஏற்றதால் அது கொடை.

ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்பதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. என் பாட்டி உப்புக்காற்றில் கறுத்த செபமாலையோடு 'பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து' என்றே கடைசிவரை சிலுவை போட்டாள். இஸ்பிரீத்து சாந்துன்னா யாரு பாட்டி என்று கேட்டேன். "காத்து மாரிதாம்ல. கண்ணுக்குத் தெரியாது, பாயைத் தள்ளும்" என்றாள். அவள் சொன்னது தூய ஆவியை. எபிரேயத்தில் ஆவியைக் குறிக்கும் 'ரூவாக்' என்ற சொல்லுக்குக் காற்று, மூச்சு என்றும் பொருள் உண்டு. பாட்டிக்கு எபிரேயம் தெரியாது. காற்றைத் தெரியும்.

சவேரியாருக்குப் பின் இங்கே வந்த அன்றிக்கே அடிகளார் தமிழைக் கற்றுத் தேர்ந்தவர். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல். கடவுளுக்குச் சைவரும் வழங்கிய 'தம்பிரான்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த 'கிரிசித்தியானி வணக்கம்' கேள்வி பதிலாக அமைந்தது. அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்தக் கடற்கரைப் பரதவர்கள். இன்று மறைக்கல்வி வகுப்பில் பதிலை மட்டும் ஒப்பிக்க வைக்கிறோம். கேள்வி பிள்ளையுடையதாக இல்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

அடுத்த இதழிலிருந்து விசுவாச மந்திரத்தைச் சொல் சொல்லாக எடுத்து எழுதப் போகிறோம். மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், வேம்பார் வீடுகளில் பெரியவர்கள் இன்னும் பழைய செபங்களைச் சொல்லக்கூடும். அவர்கள் உச்சரிக்கிறபடியே, ஓர் எழுத்தையும் திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். கூடவே, உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும்.