காருக்கு உடனே கரண்ட், கிணற்றுக்குக் காத்திருப்பா?

விவசாயப் பெருங்குடி மக்களே!

மின்சார வாகன சார்ஜிங் நிலையங்களுக்கென்று 2024-இல் மத்திய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. டீசல் செலவு குறைந்தால் நமக்கும் நல்லதுதான். ஆனா, கணக்கைப் பாருங்க! 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று இழுக்கிற கரண்டில் 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு டஜனுக்கு மேல் ஓடும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரை அது ஒன்றே விழுங்கிவிடும். நம்ம லைனில் மாட்டினால் வோல்டேஜ் இறங்கும், காயில் கருகும், பயிர் காயும். நஷ்டம் யார் தலையில்?

ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் மூன்று உயிர்களைக் கொடுத்தவர்கள் நாம்.

சார்ஜருக்குத் தனி டிரான்ஸ்பார்மர், தனி லைன் போடு! மனுக் கொடுத்துக் காத்திருக்கும் விவசாயிக்கு முதலில் இணைப்புக் கொடு!

மின்வாரிய அலுவலகம் நோக்கித் திரண்டு வாரீர்!