மந்திரிமனைக் கோப்பு எவர் மேசையில் இருக்கிறதோ, அவருக்கு



தங்கள் பதவியின் பெயரை மேலே எழுதவில்லை. மரியாதைக் குறைவென்று நினைக்கவேண்டாம். மூன்று முறை பதவிப் பெயரோடு எழுதிப் பார்த்துவிட்டேன். முதல் மனுவைக் கொண்டுபோன கந்தோரில், இது எங்கள் வேலையல்ல என்று இரண்டாவது கந்தோருக்கு அனுப்பினார்கள். அங்கே மூன்றாவதைக் கைகாட்டினார்கள். மூன்றாவது கந்தோரில் இருந்த தம்பி, “மாஸ்ரர், இதுக்கு நீங்கள் முதல்ல அங்கயெல்லோ போகவேணும்” என்று முதலாவதன் பெயரைச் சொன்னான். நல்ல பிள்ளை. கதிரை தந்தான், தேத்தண்ணியும் தந்தான். ஆகவே கந்தோர்களின் பெயர்களை விட்டுவிடுகிறேன். நல்லூர் மந்திரிமனை பற்றிய கோப்பு இன்றைக்கு எவருடைய மேசையில், எந்தக் கோப்புக்கு அடியில் கிடக்கிறதோ, அவருக்கே இந்த மடல்.

நான் சுன்னாகத்தில் இருப்பவன். முப்பத்தொரு வருடம் சித்திரமும் நாடகமும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சுன்னாகத்தானுக்கு நல்லூரில் என்ன அலுவல் என்று ஒரு கந்தோரில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2018 இல் பதினாலு பிள்ளைகளை வானில் அடைத்துக்கொண்டு மந்திரிமனைக்குப் போனேன். பருத்தித்துறை வீதியில் சட்டநாதர் கோவிலடியில் இறங்கியதுமே, “சேர், இதுக்குள்ளயா சங்கிலியன் இருந்தவன்?” என்று ஒருவன் கேட்டான். இல்லையடா என்றேன். சங்கிலியன் ஆண்ட யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் பறங்கியர் கையில் விழுந்துவிட்டது. மந்திரி இருந்த இடம் என்பது ஊர்வழக்கு. இப்போது நிற்கிற கட்டடம் அதற்கு வெகுகாலம் பிந்தியது. முகப்பு வளைவுகளைப் பார், அதில் ஐரோப்பியனின் கை தெரியும். உள்ளே மரத்தூண்களையும் செதுக்கலையும் பார், அது எங்கள் தச்சனின் கை என்று காட்டினேன். சுரங்கம் எங்கே என்று தேடிப் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் பக்கச் சுவரடியில் குந்தியிருந்து சீ.ஆர். கொப்பியில் வரையத் தொடங்கினாள். ஒன்றரை மணித்தியாலம் அசையவில்லை. தீராந்தி சுவரில் இறங்குகிற இடம், காரை பெயர்ந்து கல் தெரிகிற இடம், ஓட்டுக்கு இடையில் முளைத்த ஆலங்கன்று, எல்லாம் பென்சிலில் வந்தன. சுவரில் யாரோ ஆணியால் கீறிய இதயமும் அதற்குள் இரண்டு பெயர்களும் இருந்தன. “இதையும் வரையட்டோ சேர்?” என்று கேட்டாள். இருக்கிறதை வரை பிள்ளை என்றேன்.

2019 இல் கொடுத்த முதல் மனுவோடு அந்தப் படத்தின் போட்டோப் பிரதியை ‘இணைப்பு 3’ என்று சேர்த்திருந்தேன். மந்திரிமனையைத் திருத்தி, கூரையைக் காப்பாற்றி, பூட்டிவைக்காமல் ஊர்ச்சனத்தின் கலைக்கூடமாகத் திறந்துவிடுங்கள் என்பதுதான் மனு. முற்றத்தில் கூத்து, உள் அறைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரமும் மிருதங்கமும், விறாந்தையில் கண்காட்சி. வேறொன்றும் கேட்கவில்லை. ஆறு வருடத்தில் எனக்கு எழுத்தில் கிடைத்த பதில் ஒன்றேயொன்று. இரண்டு வரி. ‘இணைப்பு 3 தெளிவற்றது. பொருத்தமான வரைபடம் சமர்ப்பிக்கவும்.’

2025 செப்ரெம்பர் 17 அன்று பெய்த மழையில் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. புயலல்ல, செல்லல்ல. மழை.

அடுத்தநாள் காலை போனேன். கொப்பி என்னிடம்தான் இருந்தது. அந்தப் பிள்ளை கனடாவுக்குப் போகும்போது தந்துவிட்டுப் போனவள். நனைந்த சுண்ணாம்பின் மணம் றோட்டுக்கே வந்தது. ஓடுகள் குவியலாகக் கிடந்தன. ஒரு மரத்துண்டைக் குனிந்து பார்த்தேன். வெளிப்பக்கம் வைரம் மாதிரி. சுவருக்குள் இருந்த நுனி கறையான் தின்று தேன்கூடு போல ஓட்டையோட்டையாக இருந்தது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. படத்தை விரித்து ஒரு கண்ணால் அதையும் ஒரு கண்ணால் இதையும் பார்த்தேன். அவள் கவனமாக நிழல் போட்டிருந்த ஒரு துண்டு இனிக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. தெளிவற்ற இணைப்பு என்றீர்களே, இப்போது ஒப்பிட்டுப் பார்க்க அசலும் இல்லை. தங்கள் குறிப்பை இனித் திருத்தத் தேவையில்லை.

பாதுகாக்கப்பட்ட தொல்லியற் சின்னம் என்றால் சட்டத்தில் என்ன பொருள் என்று தங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. ‘அது காணிச் சிக்கல்’ என்று கந்தோரில் சொன்னதையும் மறக்கவில்லை. வேலிச் சண்டை இல்லாத காணி யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது ஐயா? வழக்குப் பேசவும் இணக்கம் காணவும் ஈடுகொடுத்து எடுக்கவும் அரசாங்கத்துக்கு வழியிருக்கிறது. றோட்டு அகலிக்க வேண்டுமென்றால் அந்த வழியெல்லாம் ஒரே மாதத்தில் ஞாபகம் வருகிறது.

இனிச் சுன்னாகத்தானுக்கு என்ன அலுவல் என்பதற்கு வருகிறேன்.

எங்கள் ஊரை இன்று வாழைக்குலைச் சந்தைக்கும், கிணற்றில் எண்ணெய் மிதந்த கதைக்கும்தான் சனம் அறியும். இதே ஊரிலிருந்துதான் நா. பொன்னையா 1930 இல் ‘ஈழகேசரி’ப் பத்திரிகையைத் தொடங்கினார், 1958 வரை அது வந்தது. அவருடைய திருமகள் அழுத்தகத்தில்தான் கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பியம் 1937 முதல் பகுதி பகுதியாக அச்சேறியது. கணேசையருக்கு ஆசான் இதே சுன்னாகத்துக் குமாரசாமிப் புலவர். கூப்பிடு தூரத்தில் இணுவில். தவில் என்றால் தெட்சணாமூர்த்தி என்று தமிழ்நாட்டுக்காரரையும் சொல்லவைத்தவர் பிறந்த மண் அது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று காத்தவராயன் கூத்துப் பழகுவது ஒரு தகரக் கொட்டகையில். மழை தொடங்கினால் தகரச் சத்தத்தில் பாட்டுக் கேட்காது. ஆர்மோனியத்தை உரப்பையால் மூடிவிட்டு மழை விடும்வரை குந்தியிருப்பார்கள். கல்யாண மண்டபம் எடுக்கலாம்தான். அந்த வாடகைக்குக் காத்தவராயனை ஒருமுறை அல்ல, ஆறுமுறை கழுவேற்றலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் போனால் கந்தரோடை. 1917 அளவில் போல் பீரிஸ் அகழ்ந்து காட்டிய சின்னச் சின்னத் தூபிகள். அங்கே வேலி இருக்கிறது, பலகை இருக்கிறது, புல் ஒட்ட வெட்டியிருக்கிறது. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. தமிழர் நடுவே பௌத்தம் வாழ்ந்ததும் எங்கள் முதுசொம்தான். நான் சொல்லவருவது வேறு. பழையதைப் பராமரிக்க அரசாங்கத்துக்குத் தெரியாது, ஆளில்லை, காசில்லை என்று இனி எவரும் என்னிடம் சொல்லக்கூடாது. தெரியும் என்பதற்குச் சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு பத்து மைலுக்குள் புல்லுக்குக் கத்தி கிடைக்கிறது, கூரைக்கு ஓடு கிடைக்கவில்லை என்றால், அதற்குப் பெயர் வசதியீனமா?

தங்கள் கந்தோரில் உள்ளவர்கள் கொழும்புக்குப் போய்வருபவர்கள். கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழங்கட்டடத்தைச் செப்பனிட்டு 2011 இல் கடைகளும் சாப்பாட்டுக்கடைகளுமாகத் திறந்தார்கள். எனக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை. ஆனால் கூரை ஒழுகவில்லை. சென்னைக்காரர் 32 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் ஒதுக்கி விக்டோரியா பொது மண்டபத்தைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மண்டபம். அவரைக் குருவாக வைத்துக்கொண்டவர் எங்கள் கலையரசு சொர்ணலிங்கம். குருவின் மேடை திரும்ப எழும்புகிறது. சிஷ்யனின் ஊரில் உள்ள கதை மேலே எழுதியிருக்கிறேன்.

‘யாழ்ப்பாணத்துக்குத்தான் பெரிய கலாசார மையம் வந்துவிட்டதே’ என்பீர்கள். வந்தது. இந்தியா கட்டித்தந்தது, பதினொரு மாடிக் கோபுரம், அறுநூறு பேர் இருக்கும் அரங்கு. 2015 இல் மோடி அடிக்கல் நாட்டினார். 2022 இல் ஒரு திறப்பு. 2023 இல் கையளிப்பென்று இன்னொரு விழா. 2025 தையில் திருவள்ளுவர் பெயரை வைத்து, ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லைத் தொலைத்து, சனம் சத்தம்போட்ட பிறகு தேடியெடுத்து ஒட்டினீர்கள். நன்றியோடுதான் சொல்கிறேன், அழகான கட்டடம். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீடியை வாசலில் அணைத்துவிட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் பின்னேரம் ஐந்து மணிக்குத் தன்பாட்டில் உள்ளே நடந்துபோகிற இடமல்ல அது. அவர் கடிதம் எழுதி அனுமதி எடுக்கவேண்டும். அவருக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கம் இருந்து கண்ட பலனைத் தாங்கள் அறிவீர்கள்.

திருத்தினால் போதாதா, ஏன் கூத்தாடிகளை உள்ளே விடவேண்டும் என்றும் ஒரு உத்தியோகத்தர் கேட்டார். சனம் புழங்கினால் பழுதாகிவிடுமாம். அவருக்கு வயது குறைவு, 1995 இடப்பெயர்வைக் கண்டிருக்கமாட்டார். அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டது. அடுத்த வருடம் சித்திரையில் நாங்கள் திரும்பி வந்தபோது என் வீட்டில் செல் விழவில்லை. பூட்டிய பூட்டு பூட்டியபடி. உள்ளே போனால் ஒரு ஓடு விலகின இடத்தால் மழை இறங்கி, வளையில் கறையான் ஏறி, புத்தக அலுமாரி புற்றாகியிருந்தது. ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் ஒரு ஆச்சி, வரமாட்டேன் என்று இருந்துவிட்டவ. அவவின் வீட்டுச் சுவரில் செல்பட்ட ஓட்டை, ஆள் நுழையலாம். ஆனால் அந்த வீடு வீடாக இருந்தது. முற்றம் கூட்டியிருந்தது, விலகின ஓட்டைத் தடியால் தள்ளித் தள்ளிச் சரிப்படுத்தியிருந்தா. எங்கள் ஒழுங்கையில் குண்டுபட்ட வீட்டைவிடப் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத்தான் செலவு கூட வந்தது. ஐயா, மந்திரிமனையில் ஒவ்வொரு பின்னேரமும் நாலு பிள்ளைகள் மிருதங்கம் அடித்திருந்தால், முதலாவது சொட்டு ஒழுகிய அன்றைக்கே யாராவது ஏணி வைத்திருப்பான். அந்த ஆணிக்கீறல் இதயத்தைக் கூடக் கீறியிருக்கமாட்டார்கள்; தங்கள் தங்கை பாட்டுப் படிக்கிற இடத்தில் எவன் கீறுவான்?

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். மூன்று மனுவிலும் இலக்கமிட்டு எழுதியாயிற்று, கோப்பைத் திறந்தால் இருக்கும். இப்போது அவ்வளவு கேட்கிற உற்சாகம் எனக்கு இல்லை. விழுந்த மரங்களை விறகுக்குப் போகவிடாதீர்கள். செதுக்கல் உள்ளவற்றைப் பொறுக்கி, இலக்கமிட்டு, நனையாத ஓரிடத்தில் வையுங்கள். தச்சுத் தெரிந்த கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் மந்திரிமனை மாதிரித்தான், மழைக்கு மழை குறைகிறார்கள், அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மற்றதைத் தங்கள் மனச்சாட்சி பார்த்துக்கொள்ளட்டும். அதற்கும் ஒரு கோப்பு இருக்கும், அதுவும் யாரோ ஒருவருடைய மேசையில் இருக்கும்.

இன்னும் இரண்டு கிழமையில் ஐப்பசி பிறக்கிறது. செப்ரெம்பரில் பெய்தது மழையல்ல, மழையின் முன்னோட்டம். மாரி இனித்தான். ஆகவே கூத்துப் பிள்ளைகள் சேர்ந்து இரண்டு பெரிய படங்கு வாங்கியிருக்கிறார்கள், நீலம். உரப்பை தைக்கிற நூலால் ஓரம் தைத்து, கயிறு கோத்து, என் விறாந்தையில் மடித்து வைத்திருக்கிறோம். ஒரு லாண்ட்மாஸ்ரரும் சொல்லியாயிற்று. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மந்திரிமனையடியில் நிற்போம். அனுமதியில்லாமல் தொடுவது குற்றம் என்று எனக்குத் தெரியும், தங்களுக்கும் தெரியும். பிடிக்கவேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள். அனுப்பும்போது அந்த ஆளிடம் ஒரு ஏணியும் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் உள்ள ஏணி முகடுவரை எட்டாது.

இப்படிக்கு,
சுன்னாகத்துச் சித்திர வாத்தியார்

இணைப்பு 3: அதே படம். இந்தமுறை அசல்.