கொடிக்கம்பங்களான மனிதர்கள்

வடதுருவத்தை அடுத்த பனிநிலங்களின்மீது வல்லரசுகளின் கண் மறுபடியும் விழுந்திருக்கிறது. 2025-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், கிரீன்லாந்து தமது தேசத்துக்கு வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டார். அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் கனடாவின் பிரதம மந்திரி கார்னி இக்காலுயிட் நகருக்குச் சென்று, வடபாகத்தின் பாதுகாப்பின் பொருட்டு 600 கோடி டாலர் செலவில் ராடார் அமைக்கப்படுமென்று அறிவித்தார். ராஜ்யங்கள் எல்லையைப் பற்றிப் பேசும்போது அவ்வெல்லையில் குடியிருக்கும் ஜனங்களின் கதி என்னவாகும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சரித்திரமே சாக்ஷி சொல்லுகிறது.

1953, 1955 ஆகிய வருஷங்களில் கனடா ஸர்க்கார், க்யூபெக் மாகாணத்தின் வடபாகத்திலுள்ள இனுக்ஜுவாக் என்னும் ஊரிலிருந்தும், பாண்ட் இன்லெட்டிலிருந்தும் ஏறக்குறைய 90 இனூயிட் ஜனங்களைக் கப்பலேற்றி, கிரைஸ் பியோர்ட், ரெஸல்யூட் என்னும் இடங்களிலே இறக்கியது. இனுக்ஜுவாக்கிலிருந்து அவ்விடங்கள் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே இருக்கின்றன. கிரைஸ் பியோர்டில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதில்லை. அவர்கள் தங்கள் பாஷையில் அவ்வூருக்கு இட்ட பெயரின் பொருள் "ஒருபோதும் உருகாத இடம்" என்பதாகும்.

"உங்கள் நன்மைக்காகவே அனுப்புகிறோம்; அங்கே வேட்டை மிகுதி" என்றனர் அதிகாரிகள். போய்ச் சேர்ந்தவர்களுக்கோ கஸ்தூரி எருதை வேட்டையாடலாகாது என்ற சட்டமே காத்திருந்தது. ஒரே இடத்துக்குப் போவதாக நம்பிய குடும்பங்கள் கப்பலிலேயே பிரிக்கப்பட்டன. முதல் மாரியின் பெரும் பகுதியைத் துணிக் கூடாரங்களிலே கழித்தார்கள். விருப்பமில்லாவிடில் இரண்டு வருஷத்தில் திரும்பலாமென்று கொடுத்த வாக்கும் காற்றிலே போயிற்று.

அவர்கள் சம்மதித்தே சென்றனர் என்று ஸர்க்கார் தரப்பில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. சம்மதம் என்பது மறுக்கும் சக்தியுள்ளவன் கொடுப்பது. எவருடைய கையிலிருந்து உதவித்தொகை வரவேண்டுமோ, அந்தப் போலீஸ்காரரே வந்து கேட்கும்போது, அவருடைய பாஷையறியாத வேடன் தலையசைப்பது சம்மதமாகுமா? எந்த நியாயஸ்தலமும் அதனை ஒப்பந்தமென்று கொள்ளாது. 1994-இல் ராயல் கமிஷன், இது நிர்ப்பந்தமான குடிபெயர்ப்பே என்றும், வடதீவுகளின்மீது கனடாவின் ஆதிபத்தியத்தை நிலைநாட்டும் எண்ணமும் அதற்கு ஒரு காரணமென்றும் தீர்ப்புக் கூறியது. தங்களை மனிதக் கொடிக்கம்பங்களாக நட்டனர் என்று அந்த ஜனங்கள் சொல்வது மிகையன்று.

1996-இல் ஸர்க்கார் ஒரு கோடி டாலர் நிதி ஏற்படுத்தியது, மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு மேலும் 14 வருஷங்கள் சென்றன. 2010-ஆம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி மந்திரி ஜான் டங்கன் இனுக்ஜுவாக்குக்கே சென்று மன்னிப்புக் கோரினார். கப்பலேறியவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இது கனடா மட்டும் செய்த பாவமன்று. அதே 1953-இல் டென்மார்க் ராஜாங்கம், அமெரிக்க விமானத்தளத்துக்கு இடம் விடும்படி, கிரீன்லாந்தின் தூலே பிரதேசத்து ஜனங்களைச் சில நாள் அவகாசத்தில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் துரத்தியது. அதன் பிரதம மந்திரி மன்னிப்புக் கேட்டது 1999-இல். கொடிகள் வேறு; வழி ஒன்றே.

1993-இல் ஏற்பட்ட நுனாவுட் ஒப்பந்தத்தின் முகவுரை, வடபாகத்தில் கனடாவின் ஆதிபத்தியத்துக்கு இனூயிட் ஜனங்கள் அளித்த உதவியை ஒப்புக்கொள்கிறது. அப்படியாயின் ராஜ்யத்தின் பாத்தியதைக்கு ஆதாரம் அவர்களே. 2021-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் கிரைஸ் பியோர்டில் இருந்தவர்கள் 144 பேர். அந்த 144 பேர் தேசத்தின் எல்லையைக் காப்பவர்கள் என்றால், தேசம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இனூயிட் நாட்டில் க்ஷயரோகத்தை 2030-க்குள் ஒழிப்பதாக 2018-இல் ஸர்க்கார் வாக்களித்தது. ராடாருக்குக் காட்டும் அவசரத்தை அவ்வாக்கை நிறைவேற்றுவதிலும் காட்டுமா என்பதே கேள்வி.

பிறர் நன்மையைத் தாமே தீர்மானிப்போம் என்ற ஆட்சியின் பாஷை நம் தேசத்தாருக்கும் பழக்கமானதே. ஆகவே இதில் நாம் நடுநிலை வகிக்க இயலாது. வடபூமியைப் பற்றி எந்த வல்லரசு பேசினாலும், முதலில் அங்கே வாழ்பவரைக் கேட்கட்டும். அவர்கள் வேண்டாமென்றால் அவ்வார்த்தைக்குக் கட்டுப்படட்டும்.