கண்ணொளியும் ஒரு கரைப்பானும்



மஃரிபுக்குப் பின் கதவு நிலையில் மோதிக்கொள்ளும் பிள்ளையைக் 'கவனமில்லாதவள்' என்று ஏசிவிடுகிறோம். அது பரம்பரை விழித்திரை நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனும் இந்நோயில் முதலில் இருட்டில் பார்வை குன்றும். பின்னர் பக்கப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு இது உண்டு.

இத்தகைய வீடுகளுக்கு ஆசையூட்டிய மருந்துகளுள் ஒன்று டீ.எம்.எஸ்.ஓ. எனும் டைமெதில் சல்பொக்சைட். கடதாசிக்காக மரக்கூழ் ஆக்கும்போது கிடைக்கும் கழிவிலிருந்து எடுக்கக்கூடிய கரைப்பான் இது. தோலில் பூசினால் உள்ளே ஊடுருவிச் செல்லும். 1960களில் அமெரிக்காவின் ஓரிகனில் வைத்தியர் ஸ்டான்லி ஜேக்கப் இதனை மருந்தாக ஆராய்ந்தார். ஆனால் விலங்குகளின் கண்வில்லையில் மாற்றங்கள் தென்பட்டதால், 1965ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் மனிதர் மீதான சோதனைகளை நிறுத்தியது.

கண்ணுக்குத் தீங்காகலாம் என்று நிறுத்தப்பட்ட அதே பொருளையே, 1970களில் விழித்திரை நோயாளர் சிலருக்குச் சொட்டு மருந்தாக இட்டுப் பார்த்தனர். சிலருக்குப் பார்வை தேறியதாகவும் அறிவிக்கப்பட்டது.

அப்படியாயின் அது ஏன் சிகிச்சையாகவில்லை? இந்நோய் ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே முற்றும். பார்வையின் அளவும் நாளுக்கு நாள் சற்றுக் கூடிக் குறையும். குணமாகும் என்ற நம்பிக்கையே எழுத்துகளைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆகவே மருந்து பெற்றவரையும் பெறாதவரையும், யார் எவரென்று அறியாமல் ஒப்பிட வேண்டும். இங்கோ அதுவும் கடினம். டீ.எம்.எஸ்.ஓ. பாவித்தவரின் மூச்சில் வெள்ளைப்பூண்டு வாடை வீசிக் காட்டிக்கொடுத்துவிடும்!

1978ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது, சிறுநீர்ப்பையின் ஒருவகை அழற்சிக்கே, கண்ணுக்கு அல்ல. 2017ல் அங்கு அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சையும் ஆர்.பி.ஈ.65 எனும் ஒரேயொரு மரபணுவின் குறைக்கு மட்டுமே.

எனவே யார் சொன்னாலும் இக்கரைப்பானைப் பிள்ளையின் கண்ணில் இடாதீர்கள். தொழிற்சாலைக்கென விற்பதில் கலந்துள்ள அழுக்குகளையும் அது தன்னோடு உடலுக்குள் கொண்டுசெல்லும். கண் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். இரவில் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் விளக்கைக் கூட்டுங்கள். 'கவனமில்லாதவள்' என்ற சொல்லை இன்றே நிறுத்துங்கள். அதற்கு எந்த ஆய்வின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.