யார் வீட்டுக் கல்யாணமோ!



போன மாதம் கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போனேன். மலையேறியதும் ஒரு தினைக் கொல்லையில் ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது. குருவி விரட்டக் கட்டிய பழைய சிடிகள். அதில் யார் வீட்டுக் கல்யாணம் இருந்ததோ!

சிரித்தபடி வீடு திரும்பி, பீரோவைத் திறந்தேன். 2005-ல் எழுதிய குடும்பப் படங்களின் சிடி பாதிதான் ஓடியது. குற்றவாளி நான்தான். மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தித் தலைப்பு எழுதியிருந்தேன். கீறல் விழுமென்று நாமெல்லாம் அடிப்பக்கத்தைத்தானே பொத்திப் பொத்தி வைக்கிறோம்? சிடியில் பதிவு இருப்பதோ லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில். வீட்டில் எழுதும் சிடியில் லேசர் ஒரு சாயப் படலத்தைச் சுட்டுத்தான் பதிகிறது. வெயிலில் கிடந்தால் சேலைச் சாயம்போல அதுவும் வெளுக்கும்.

"அதான் ஹார்டு டிஸ்க் வந்தாச்சே சார்" என்கிறீர்களா? வசதிதான். ஒரு சிடி 700 எம்.பி. இன்றைய போன் படங்கள் இருநூறு அடங்கினால் அதிகம். 1 டி.பி. டிஸ்க்கில் இருப்பதை எழுத 1,400 சிடிக்கு மேல் வேண்டும். அடுக்கினால் ஆள் உயரம்! ஆனால் உள்ளே தகடு சுழலும்போது மேசையிலிருந்து விழுந்தால்? அத்தனை சிடியும் ஒரே நொடியில் உடைந்த மாதிரி. பென் டிரைவ் விழுந்தால் தாங்கும். வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தால்தான் மறதி வரும்.

சிடி-ஆர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. எழுதி மூடிவிட்டால் வைரஸும் அழிக்காது, பேரனும் தெரியாமல் டெலீட் செய்ய முடியாது. ஆனால் புது லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லையே!

கூகுள் டிரைவில் போடலாம்தான். டவர் தேடி மேடு ஏறும் மலையூர்க்காரர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

அதனால் என் ஓட்டு ஹார்டு டிஸ்க்குக்கே. ஒன்றல்ல, இரண்டு. பட்டா, சாதிச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் இரண்டிலும். ஒன்று என் வீட்டில், மற்றது தங்கை வீட்டில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப் படங்களைச் சேர்த்துவிடுகிறேன்.

போன பொங்கலுக்கு டிஸ்க்கைக் கேட்டால், தங்கை அரிசி டின்னுக்குள் கைவிட்டு எடுத்தாள். ஈரம் படக்கூடாதென்று நான்தான் சொன்னேனாம்.

அன்புடன்,
ஆசிரியர்