புழுவின் குடலைத் துளைக்கும் பி.டி. மருந்து: அவசரம் வேண்டாம்

காலிபிளவர், முட்டைக்கோஸ் பயிரிடும் விவசாயிகள் பலர் பி.டி. மருந்தைப் பற்றி ஒரு குறை சொல்வதுண்டு. "மாலையில் தெளித்தோம், காலையில் போய்ப் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கிறது" என்பதே அது. உடனே கடைக்குச் சென்று கடுமையான வேறொரு மருந்தை வாங்கி அதன் மேலேயே அடித்துவிடுகின்றனர். செலவு இரட்டிப்பாகிறது, நன்மை செய்யும் பூச்சிகளும் மடிகின்றன. குறை பெரும்பாலும் மருந்தில் இல்லை. அது வேலை செய்யும் விதம் விவசாயிக்கு எடுத்துச் சொல்லப்படாததே குறை.

குடலில் நடப்பது என்ன?

பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்னும் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் இஷிவதா என்பவர் நோயுற்ற பட்டுப்புழுக்களில் இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியில் துரிஞ்சியா பகுதியைச் சேர்ந்த மாவு அந்துப்பூச்சியின் புழுவில் பெர்லினர் கண்டறிந்தார். பெயரும் அதனால் வந்ததே.

இந்த பாக்டீரியா ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. இலையோடு சேர்த்துப் புழு இதை உண்டதும், அதன் நடுக்குடலின் காரத்தன்மையில் படிகம் கரைகிறது. செரிமான நொதிகள் அதை வெட்டி நஞ்சாக மாற்றுகின்றன. பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் அந்த நஞ்சு குடல் செல்களின் ஏற்பிகளில் போய்ப் பொருந்துகிறது.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது. உப்புகள் அதனூடே தாமாகப் புக முடியாது. ஆகவே சவ்வின் இரு புறமும், பாட்டரியின் இரு முனைகளைப் போல், மின்னழுத்த வேறுபாடு நிலைத்திருக்கிறது. நஞ்சுப் புரதங்கள் இந்தச் சவ்வில் துவாரமிடுகின்றன. செயற்கையான கொழுப்புச் சவ்வில் இந்த நஞ்சைச் சேர்த்து, மின்னழுத்தம் கொடுத்துச் செய்த சோதனைகளில், துவாரங்கள் திறந்து மூடுவதை மின்னோட்டமே காட்டிக்கொடுத்தது. புழுவின் குடலில் இத்துவாரங்கள் வழியே உப்புகள் கட்டுக்கடங்காமல் பாய்கின்றன. பின்னாலேயே தண்ணீரும் புகுகிறது. செல் வீங்கி வெடிக்கிறது.

இதனால் சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். ஆனால் சாவதற்கு 2 அல்லது 3 நாட்கள் ஆகும். எனவே மறுநாள் கவனிக்க வேண்டியது புழுவுக்கு உயிர் இருக்கிறதா என்பதல்ல. இலையில் புதிய ஓட்டையும் புது எச்சமும் இருக்கின்றனவா என்பதே.

கையாளும் முறை

புழு தின்றால்தான் மருந்து வேலை செய்யும். ஆகவே இலையின் அடிப்புறமும் நன்கு நனையுமாறு தெளித்தல் வேண்டும். புழுக்கள் சிறியனவாக இருக்கும்போதே தெளிப்பது நல்லது. வெயில் மருந்தின் வீரியத்தைக் கெடுக்கும் என்பதால் மாலை வேளையே ஏற்றது. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவையுடன் கலக்கக் கூடாது. புழுவின் குடலில் கரைய வேண்டிய படிகம் தெளிப்பானிலேயே கெட்டுவிடும். உறையில் கண்ட அளவையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்க வேண்டும்.

மனிதரின் வயிறு அமிலத்தன்மை உடையது. அந்த ஏற்பிகளும் நம் குடலில் இல்லை. ஆனால் பட்டுப்புழுவுக்கு இது எமன். மல்பெரித் தோட்டத்தின் அருகில் தெளிக்கவே கூடாது.

பருத்தி தரும் பாடம்

பூட்டு மாறினால் சாவி பயன்படாது. ஏற்பி மாறிய புழுக்கள் சில எப்போதும் இருக்கும். ஒரே மருந்தை ஓயாமல் அடித்தால் அவை மட்டும் பிழைத்துப் பெருகும். ஹவாய்த் தீவுகளில் வைரமுதுகு அந்துப்பூச்சி இவ்வாறு எதிர்ப்புச் சக்தி பெற்றது 1990-ல் பதிவாயிற்று. இந்தியாவில் 2002-ல் பி.டி. பருத்தி வந்தது. வயலைச் சுற்றி 5 வரிசை அல்லது 20 சதவீதப் பரப்பு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி விதைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதில் வளரும் அந்துப்பூச்சிகள் எதிர்ப்புள்ளவற்றோடு இணைந்தால், பிறக்கும் புழுக்கள் பெரும்பாலும் மருந்துக்கு மடியும். ஆனால் அதற்கெனத் தந்த 120 கிராம் பொட்டலத்தைப் பலர் விதைக்கவே இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒரு நஞ்சையும், பிறகு இரண்டு நஞ்சு கொண்ட ரகத்தையும் வென்றுவிட்டது.

காய்கறியிலும் அந்த நிலை வர விடலாகாது. பி.டி.யையே நம்பாமல் இனக்கவர்ச்சிப் பொறி, கடுகு ஊடுபயிர், வேம்பு மருந்து ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாள வேண்டும். மருந்து விற்போர் "மூன்று நாள் பொறுங்கள்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி விற்க வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் மறுநாள் வயலுக்கே வந்து, தின்பதை நிறுத்திய புழுவை விவசாயிக்குக் காட்ட வேண்டும். ஒரு முறை கண்ணால் கண்டவர், அவசரப்பட்டு அடுத்த மருந்தைத் தேடி ஓடமாட்டார்.